கறுப்பினத் தோழி மீது தொடரும் இணைய வசை: உடனிருப்பவர்கள் என்ன செய்ய முடியும்?

யாழினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவில் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளாக என்னோடு ஒரே அறையில் வேலை செய்யும் தோழி ஒருவர் கறுப்பினத்தவர். பேறுகாலத்தில் நேரும் தாய் இறப்புகளைப் பற்றி ஆராய்பவர். பிரிட்டனில் பேறுகாலத்தை ஒட்டி இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பதைத் தேசிய அளவிலான ஆய்வறிக்கைகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வானொலி உரையாடலில் அவர் சொன்னதும் அதைத்தான்.

அன்று இரவே தொடங்கிவிட்டது. முதலில் அவருடைய தலைமுடியையும் உடலையும் பற்றிய இழிவான பேச்சு. அடுத்து குரங்குப் படங்கள். அதற்கடுத்து, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவரைப் பார்த்து, "உன் நாட்டுக்குத் திரும்பிப் போ" என்ற கூச்சல். நான்காம் நாள் அவருடைய மகள் படிக்கும் பள்ளியின் பெயரை ஒருவர் பொதுவில் எழுதிவிட்டார். நாங்கள் அனுப்பிய புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு, விதி எதுவும் மீறப்படவில்லை என்ற ஒரே விடை சில நிமிடங்களுக்குள் வந்து சேர்ந்தது. அந்த வேகம்தான் என்னை மிகவும் வருத்தியது. எவரும் படித்துப் பார்க்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

எங்கள் மேலாளர் நல்லெண்ணத்தோடுதான், சில மாதங்கள் இணையத்திலிருந்து விலகியிருக்கும்படி அவருக்கு அறிவுரை சொன்னார். தோழி அங்கே மறுத்து எதுவும் பேசவில்லை. அறைக்குத் திரும்பிய பின், "அப்படியானால் அவர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உடன் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்கள் இந்த நிலையில் எதைச் செய்தால் அவருக்கு உண்மையிலேயே பாரம் குறையும்? வசை பாடுவோருக்கு நாங்கள் பதில் எழுதலாமா, அது தீயில் நெய் ஊற்றுவதாக முடியுமா? சட்டத்தின் வழியில் போனால் ஏதேனும் நடக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


செங்கதிர் எழுதியது:

யாழினி அவர்களுக்கு, ஓர் ஆங்கில விவாதக் களத்தில் பதினொரு ஆண்டுகள் மட்டுறுத்துநராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எதைச் செய்வதானாலும் முதலில் அவரைக் கேளுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் களத்தில் எழுதிவந்த கறுப்பினப் பெண் ஒருவரைக் குறிவைத்து வந்த இருநூறுக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை, அவர் கண்ணில் படக்கூடாது என்ற எண்ணத்தில் ஒரே இரவில் அழித்துவிட்டேன். காவல்துறையிடம் கொடுப்பதற்காக அவர் அவற்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்தக் களத்தில் அதன் பிறகு எழுதவும் இல்லை. அவருக்கு உதவுவதாக நினைத்து, அவர் கையில் இருந்த ஒரே பிடியை நான் பறித்துவிட்டேன்.

ஆகவே அடுத்த வேலை, சான்றுகளைப் பாதுகாப்பது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவின் முழு இணைய முகவரி, நாள், நேரம், அது எந்த உரையாடலின் நடுவே வந்தது என்பது, எழுதியவரின் கணக்குப் பெயர் ஆகிய அனைத்தும் வேண்டும். பல தளங்களில் கணக்கின் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதன் பின்னால் இருக்கும் அடையாள எண் மாறாது; அந்த எண்ணையும் குறித்துவைத்தால், பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வருபவரை அடையாளம் காட்ட முடியும். இந்தத் தொகுப்பு வேலையை உங்கள் தோழி செய்யக்கூடாது. ஒவ்வொரு வசையையும் படித்து, பெயரிட்டு, கோப்பில் சேர்ப்பது என்பது அதை இரண்டாம் முறை வாங்கிக்கொள்வதற்குச் சமம். அவர் இசைந்தால் அவருடைய அறிவிப்புகளை நீங்களும் இன்னொருவரும் முறை வைத்துப் படியுங்கள். உடனடி ஆபத்தைக் காட்டும் செய்தியை மட்டும் அவரிடம் கொண்டுசெல்லுங்கள். படிக்கும் உங்களுக்கும் அது வலிக்கும் என்பதால் ஒரே அமர்வில் நெடுநேரம் படிக்க வேண்டாம்.

பள்ளியின் பெயர் வெளியான செய்தி மற்ற எல்லாவற்றையும் விட அவசரமானது. தனிப்பட்ட தகவலை வெளியிடுதல் என்ற பிரிவின் கீழ் அந்தப் பதிவைத் தனியாகப் புகார் செய்யுங்கள். இனவெறி என்ற பொதுப் பிரிவில் சேர்த்துவிட்டால் அது ஆயிரத்தில் ஒன்றாகக் கிடக்கும். பள்ளி நிர்வாகத்துக்கு இன்றே சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் வாக்காளர் பட்டியலின் திறந்த பதிப்பை எவரும் விலைகொடுத்து வாங்க முடியும். அதிலிருந்து தன் பெயரை நீக்கும்படி அவர் கேட்டுக்கொள்ளலாம். பாதுகாப்புக்கு ஆபத்து இருப்பதாக நிறுவ முடிந்தால் பெயரும் முகவரியும் மறைத்த பதிவுக்கும் வழி இருக்கிறது.

பதில் எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். வசைப் பதிவை மேற்கோள் காட்டிக் கண்டிக்காதீர்கள். உங்கள் கோபம் அதை உங்களைப் பின்தொடர்வோர் அனைவரிடமும் கொண்டுசேர்க்கும். அவருடைய ஆய்வைப் பற்றி, அவர் சொன்ன உண்மையைப் பற்றித் தனியாக எழுதுங்கள். அவர் பெயரைத் தேடுபவருக்கு வசை மட்டுமே கிடைக்கும் நிலையை அது கொஞ்சமேனும் மாற்றும்.

இந்தப் போராட்டத்தில் உண்மையான நுட்பங்களைக் கண்டுபிடித்தவர்கள் கறுப்பினப் பெண்களே என்பதையும் சொல்ல வேண்டும். 2014 ஜூன் மாதம், தந்தையர் தினத்தையே ஒழிக்க வேண்டும் என்று கோரும் ஒரு ஹேஷ்டேக் ட்விட்டரில் பரவியது. கறுப்பினப் பெண்ணியவாதிகளின் பெயரில் இயங்கிய கணக்குகள் அதைப் பரப்பின. ஷஃபீக்கா ஹட்சன் என்ற எழுத்தாளர் அந்தப் பதிவுகளின் மொழியைப் பார்த்தவுடனேயே ஐயுற்றார். கறுப்பின மக்களின் பேச்சு வழக்கை அதை ஒருபோதும் பேசியிராத எவரோ போலி செய்து எழுதியிருந்தார்கள். அவை பெயர் காட்டாமல் எழுதும் ஃபோர்சான் என்ற இணையக் களத்தில் திட்டமிடப்பட்ட போலிக் கணக்குகள் என்பது வெளிப்பட்டது. "உன் உள்பாவாடை வெளியே தெரிகிறது" என்று பொருள்படும் ஒரு ஹேஷ்டேக்கின் கீழ் அவரும் இநாசா குரோக்கெட் போன்ற தோழியரும் அந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாக அம்பலப்படுத்தினார்கள். அந்த வேலைக்கு அவர்களுக்கு எவரும் ஊதியம் தரவில்லை. ஹட்சன் 2024இல் காலமானார். 2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யாவிலிருந்து இயக்கப்பட்ட போலிக் கணக்குகள் அமெரிக்காவின் வேறெந்த மக்கள் பிரிவினரையும் விட அதிகமாகக் கறுப்பின மக்களையே குறிவைத்தன என்று அந்நாட்டு செனட் குழு 2019இல் அறிக்கை வெளியிட்டபோது, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெண்களின் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்திருக்கக் கூடாதா என்றே எனக்குத் தோன்றியது.

தானியங்கி வடிகட்டிகளை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அவற்றுக்குப் பயிற்சியளிக்கப் பயன்பட்ட தரவுகளில் கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சு வழக்கில் உள்ள சாதாரணப் பதிவுகள் தவறாகப் புண்படுத்துபவை என்று குறிக்கப்பட்டிருந்ததையும், அந்தச் சாய்வை இயந்திரமும் கற்றுக்கொண்டதையும் 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வசைக்கு ஆளானவர் தன் வழக்கில் பதில் எழுதினால் அவர் கணக்கு முடங்குவதும், நயமான சொற்களில் எழுதப்பட்ட வெறுப்பு தப்பித்துப் போவதும் இதனால்தான் நிகழ்கின்றன.


பரிதி எழுதியது:

யாழினி அவர்களின் தோழிக்கு நேர்ந்தது கொடுமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓர் ஐயத்தை மனம் திறந்து கேட்கிறேன். பொதுவெளியில் பேசும் பெண்கள் அனைவருமே, எந்த இனத்தவரானாலும், இணையத்தில் வசைக்கு ஆளாகிறார்கள். அப்படியிருக்கக் கறுப்பினப் பெண்களுக்கு நேர்வதை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுவது ஏன்? எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும் ஒரே பாதுகாப்பைக் கேட்பதுதானே வலுவாக இருக்கும்?


கயற்கண்ணி எழுதியது:

பரிதி ஐயாவின் கேள்வி நேர்மையானது. என் மாணவர்களும் ஆண்டுதோறும் இதையே கேட்கிறார்கள். ஒரு பழைய வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

1964க்கு முன் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அமெரிக்க ஆலை ஒன்றில் கறுப்பினப் பெண்களுக்கு வேலையே கொடுக்கவில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்கும் விதியால் அவர்கள் வேலையிழந்தார்கள். ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்தது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது 1976இல் வந்த தீர்ப்பு; அப்படி வேலையில் இருந்த பெண்களோ வெள்ளையினத்தவர். இனப் பாகுபாட்டுப் புகாரையோ, கறுப்பினத்தவர் தொடுத்திருந்த வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளும்படி சொன்னது. இரண்டையும் இணைத்துக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று முடித்தது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, இனமும் பாலினமும் குறுக்கிடும் பாகுபாட்டைப் பற்றி 1989இல் தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியபோது எடுத்துக்கொண்ட வழக்குகளில் இதுவும் ஒன்று. பெண் என்ற வாசலில் போனால் அங்கே இடமில்லை. கறுப்பினத்தவர் என்ற வாசலில் போனால் அங்கே வேறு எவருடைய வரிசையிலோ நிற்க வேண்டும்.

இணைய வசையிலும் இதுவே நடக்கிறது. யாழினி குறிப்பிட்ட குரங்குப் படத்தையும் உடலைப் பற்றிய இழிசொல்லையும் ஒரே செய்தியில் அனுப்புபவன் இனத்தையும் பாலினத்தையும் தனித்தனியாகத் தாக்கவில்லை. இந்தக் கலவைக்கு மொயா பெய்லி என்ற அறிஞர் 'மிசோஜின்வார்' என்று ஒரு சொல்லை உருவாக்கினார்; 2010 முதல் அது எழுத்தில் புழங்குகிறது. கறுப்பினப் பெண்கள் மீது மட்டும் பாயும் பெண்வெறுப்பு என்று அதைத் தமிழில் விளக்கலாம்.

அளவிலும் வேறுபாடு உண்டு. பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்த 778 பெண் அரசியல்வாதிகளையும் பத்திரிகையாளர்களையும் குறிப்பிட்டு 2017இல் வந்த ட்விட்டர் பதிவுகளை, 6,500க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் உதவியோடு அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2018 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டது. வெள்ளையினப் பெண்களைக் குறிப்பிட்ட பதிவுகளில் பதினைந்தில் ஒன்று வசையாகவோ சிக்கலானதாகவோ இருந்தது. கறுப்பினப் பெண்களுக்கு அது பத்தில் ஒன்று. வசைப் பதிவுகளில் குறிப்பிடப்படும் வாய்ப்பு அவர்களுக்கு 84 சதவீதம் அதிகம். அதற்கு முன் அதே அமைப்பு 2017 பிரிட்டிஷ் பொதுத்தேர்தலை ஒட்டிய ஆறு வாரங்களை ஆராய்ந்தபோது, பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வந்த வசைப் பதிவுகளில் ஏறத்தாழ 45 சதவீதம் டயான் அபாட் என்ற ஒரே ஒருவரை நோக்கியே வந்திருந்தது தெரிந்தது. 1987இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். எல்லாப் பெண்களுக்குமான சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த ஒருவர் சுமந்தது கண்ணுக்கே தெரிந்திருக்காது.

ஆகவே, ஐயா, ஒரு துயரத்தை இன்னொன்றுக்கு மேலே வைப்பது இதன் நோக்கம் அன்று. பொதுவான பாதுகாப்பை வடிவமைக்கும்போது எவரை மனத்தில் வைத்து வடிவமைக்கிறோம் என்பதே கேள்வி. மிக அதிகமாகத் தாக்கப்படுபவருக்கு வேலை செய்யும் புகார்முறை மற்றவர்களுக்கும் வேலை செய்யும். சராசரிக்காகச் செய்த முறை அவரைக் கைவிட்டுவிடுகிறது.

மேலாளரின் அறிவுரை பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில அவையில் இருந்த ஒரே கறுப்பினப் பெண்ணான கியா மாரிஸ், தொடர்ந்த இனவெறித் துன்புறுத்தலுக்குப் பிறகு 2018இல் பதவியிலிருந்து விலகினார். அவர் விலகியதால் இழந்தவர்கள் அவருக்கு வாக்களித்த மக்களும்தான். தன் பாதுகாப்புக்காக விலகுவது என்று உங்கள் தோழியே முடிவெடுத்தால் அதை மதிக்க வேண்டும். மற்றவர்கள் அதை முதல் தீர்வாக அவர் முன் வைக்கக்கூடாது.


ஆதிரை எழுதியது:

நான் இங்கிலாந்தில் வழக்குரைஞராக இருக்கிறேன். பொதுவான நிலையை மட்டும் சொல்கிறேன். உங்கள் தோழியின் வழக்குக்கு நேரில் ஒருவரைப் பார்ப்பதே சரி.

ஒரே ஆள் இரண்டு முறையோ அதற்கு மேலோ துன்புறுத்தினால் 1997ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும். இனப் பகைமை அதன் பின்னால் இருந்தால் குற்றம் இன்னும் கடுமையானதாகக் கருதப்படும். கொலை மிரட்டல், கடுமையாகக் காயப்படுத்துவதாக மிரட்டல், பாலியல் வன்கொடுமை மிரட்டல் ஆகியவற்றை அனுப்புவது 2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2024 ஜனவரி 31 முதல் தனிக் குற்றம். அதே சட்டம் சட்டவிரோத உள்ளடக்கத்தைக் கையாளும் கடமையைத் தளங்கள் மீது சுமத்துகிறது. தவறும் தளத்துக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை, பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அபராதம் விதிக்கலாம். ஆனால் ஆஃப்காம் தனிநபர் புகார்களுக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. உங்கள் புகார் ஒரு தளத்தின் பொதுவான தவறுக்குச் சான்றாகச் சேரும், அவ்வளவே, அதையும் அனுப்பிவையுங்கள்.

சட்டம் தடுமாறும் இடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு செய்தி அனுப்பினால், அதைப் பெறுபவருக்கு அது ஒரே தாக்குதல். சட்டத்தின் கண்ணிலோ ஒரு முறை மட்டும் பேசிய ஆயிரம் பேர். இருநபர், இருமுறை என்ற சண்டையை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்துக்குக் கும்பல் பிடிபடுவதில்லை. இதனால்தான் கூட்டத்தைத் தூண்டிவிட்டவர் எவர் என்று கண்டுபிடிப்பது முக்கியமாகிறது. பிறரைத் தூண்டிச் செய்யவைத்ததும் தூண்டியவரின் செயலாகவே அந்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணக்கிடப்பட முடியும். செங்கதிர் அவர்கள் சொன்ன தொகுப்பில், பள்ளியின் பெயரை முதலில் எழுதியவர் எவர், அவரை முதலில் பகிர்ந்தவர் எவர் என்பதைக் கால வரிசையில் வையுங்கள். காவல்துறை முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆவது பிரிவு, பயனர்கள் எழுதுவதற்குத் தளங்களைப் பெரும்பாலும் பொறுப்பாளியாக்குவதில்லை. ஆகவே அங்கே தனிநபர்கள் மீதே வழக்குகள் போகின்றன. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மாணவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணான டெய்லர் டம்ப்சன் 2017இல் பொறுப்பேற்ற நாளில், வளாகத்தில் தூக்குக் கயிறுகளில் வாழைப்பழங்கள் தொங்கவிடப்பட்டன. பின்னர் ஒரு நாசிச இணையதளம் அவர் மீது தன் வாசகர்களை ஏவிவிட்டது. அந்தத் தளத்தை நடத்தியவர் உள்ளிட்டோர் 7 லட்சம் டாலருக்கும் மேல் செலுத்த வேண்டும் என்று 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணைய வசை அவர் வளாகத்தைச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையையே பறித்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதுதான் எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு அதில் முக்கியமான செய்தி.

இன்னொன்று ரூபி ஃப்ரீமன், ஷே மாஸ் என்ற கறுப்பினத் தாயும் மகளும் தொடுத்த வழக்கு. 2020 தேர்தலில் அட்லாண்டாவில் வாக்கு எண்ணும் பணியில் இருந்தபோது தாய் மகளிடம் ஓர் இஞ்சி மிட்டாயைக் கொடுத்தார். அதை வாக்கு மோசடிக்கான யுஎஸ்பி சேமிப்பான் என்று டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி பரப்பினார். மிரட்டல்கள் பெருகின; எஃப்பிஐயின் அறிவுரையின் பேரில் ஃப்ரீமன் தம் வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. "இது 1920 இல்லை, 2020 என்று மகிழ்ச்சி கொள்" என்ற பொருளில் தனக்கு வந்த மிரட்டலை மாஸ் 2022இல் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். 1920 என்றால் கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்ட காலம். 2023 டிசம்பரில் நடுவர் குழு ஜூலியானி ஏறத்தாழ 14.8 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. மிரட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், பொய்யைத் தொடங்கியவருக்கு முகவரி இருந்தது.

இந்த அளவு வெற்றி எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் உங்கள் தோழியிடம் சொல்லிவிடுங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் அந்தச் சொற்களோடு வாழ வேண்டியிருக்கும்.


யாழினி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒன்பது நாள்கள் ஆகிவிட்டன.

செங்கதிர் அவர்கள் சொன்னபடி முதலில் தோழியிடம் கேட்டேன். அறிவுரை எதுவும் சொல்லாமல், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு மூன்று பேரின் பெயரைச் சொன்னார்; தன் கணக்கை அவர்கள் மட்டும் பார்க்கலாம் என்றார். அந்த மூவரில் நானும் ஒருத்தி. 2025 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின்போது இங்கிலாந்து வீராங்கனை ஜெஸ் கார்ட்டர் இனவெறி வசைக்கு ஆளாகி, தம் சமூக ஊடகத்தைக் கவனிக்கும் வேலையை வேறொரு குழுவிடம் விட்டு விலகியதையும், அடுத்த மாதமே அது தொடர்பாக லங்காஷயரில் 59 வயது ஆள் ஒருவர் கைதானதையும் அவரே எனக்கு நினைவுபடுத்தினார். கணக்கைப் பிறரிடம் கொடுப்பது தோற்றுப்போவது ஆகாது என்று அவருக்குத் தோன்ற அது உதவியிருக்கிறது.

கால வரிசைத் தொகுப்பு முடிந்துவிட்டது, 412 பதிவுகள். அவற்றை அடுக்கியபோதுதான் பள்ளியின் பெயரை எழுதிய கணக்கும், முதல் குரங்குப் படத்தை அனுப்பிய கணக்கும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டவை என்று தெரிந்தது. இடையில் பெயர் மட்டும் மாறியிருந்தது. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்த பிறகுதான் காவல் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கினார். பள்ளியின் பெயர் இருந்த பதிவு, தனிப்பட்ட தகவல் பிரிவில் புகார் செய்த அன்றே நீக்கப்பட்டது.

மேலாளரிடம் நானும் சக ஊழியர் ஒருவரும் பேசினோம். இனி ஊடகங்களில் பேசச் செல்லும் எவருக்கும், அதைத் தொடர்ந்து வரும் இரண்டு வாரங்களுக்கு அறிவிப்புகளைப் படிக்க ஒருவரை அலுவலகமே ஒதுக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுத்தில் இன்னும் தரவில்லை, தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வருகிற வியாழன் மாலை தோழி அதே வானொலியில் மீண்டும் பேசுகிறார். அன்று இரவு பத்து மணி வரை நான் படிக்கிறேன். அதன் பிறகு விடியும்வரை மற்ற இருவரும் மாறி மாறிப் படிக்கிறார்கள். அவருடைய கைபேசி என் மேசை இழுப்பறையில் இருக்கும். மகளை அழைப்பதற்கு மட்டும் வேறொரு எண் வாங்கியிருக்கிறார்.